ஊறாத விதை

அன்புள்ள தையல்காரிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால், இது வேறு யாரோ எழுதியது என்று நினைத்துக் காகிதத்தைத் திருப்பிப் பார்ப்பாய். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் நலமாக இல்லை. நீயும் இல்லை என்று உன் அக்கா சொன்னார். இந்த ஒரு விஷயத்திலாவது நாம் ஒத்துப்போகிறோம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ "ம்" என்கிறாய். நானும் "ம்" என்கிறேன். பிறகு ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். உன் அக்கா வந்து, "வச்சிடவா?" என்று கேட்கும்வரை இதேதான். கடிதத்தில் யாரும் குறுக்கே "ம்" சொல்ல முடியாது. அதோடு, இதில் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அடியில் வாளி வைத்திருக்கிறேன். மாடி வீட்டு அம்மா தினமும் படியில் மறித்து, "எப்பப்பா வர்றா?" என்கிறார். "வருவா" என்கிறேன். "சரி" என்கிறார். போன வாரம் நான் வாயைத் திறப்பதற்குள், "எப்ப வர்றா, வருவா, சரி" என்று மூன்றையும் அவரே சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார். அவருக்கும் வயதாகிறது, என்னால் நேரம் வீணாக வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

உன்னிடம் கோட்டு தைக்கக் கொடுத்திருந்த நர்ஸ் வந்தார். தைத்தவரை போதும், கொடுங்கள் என்றார். உன் அலமாரியைத் திறந்தேன். கோட்டு மேல்தட்டில் இருந்தது. அதற்குக் கீழே பள்ளிச் சீருடைகள், சின்னச் சின்னக் காலர்களோடு, நீ விட்டுப் போனபடியே மடித்து இருந்தன. நீ ஏன் போனாய் என்று உன்னை நான் கேட்டதில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. நம் வாண்டு போன பிறகும், அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் நீ தோளிலிருந்து முட்டிவரை அளவெடுத்துக்கொண்டிருந்தாய். போன வருஷத்தைவிட யார் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று உன் நாடாவுக்குத்தான் முதலில் தெரியும். ஒருநாள் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாய். நான் பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். சீருடைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஒரு தாய் மட்டும் துணியை வாங்கிக்கொண்டு, நான் தெரு திரும்பும்வரை கதவைச் சாத்தாமல் நின்றார்.

இனி மணல்மேட்டுச் செய்தி. மேடு இல்லை.

சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. புதுச் சாலைக்கு மணல் வேண்டும் என்று லாரிகள் வந்தன. நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்து போனபோது மேடு இருந்த இடம் தட்டையாக, இயந்திரத்தின் பல் தடம் பதிந்து கிடந்தது. அலுவலகத்திலிருந்து நாங்கள் எழுதிய ஆட்சேபத்துக்கு, "பரிசீலனையில் உள்ளது" என்று அதற்குப் பிறகு பதில் வந்தது. ஒன்று சொல்ல வேண்டும், என் வேலியை மட்டும் சேதப்படுத்தாமல் பிடுங்கி, அழகாகச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். பொறுப்பான ஆட்கள்.

அந்தச் செடியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், இனி எழுத்தில்தானே பார்க்க முடியும். மணலோடு படுத்துக்கொண்டு ஓடும் மெல்லிய கொடி. இலை முழுக்கப் பூனைக்குட்டிக்கு இருப்பதுபோல வெள்ளை ரோமம். மஞ்சள் பூ, அதுவும் காலையில் கொஞ்ச நேரம்தான். காய் முற்றினால் முறுக்கிக்கொண்டு, வெயில் ஏறியதும் வெடித்து விதையைத் தூர எறியும். இந்த ஒரு மேட்டைத் தவிர வேறு எங்கும் அதை யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அதற்கு வேலி, வேலிக்கு ஒரு காவலாள், அந்தக் காவலாளுக்கு ஒரு பெண்டாட்டி, பிள்ளை எல்லாம். நாம் மணற்பயறு என்போம். வாண்டுதான் அதற்கு "டப்பு" என்று பெயர் வைத்தாள். காய் வெடிக்கும் காலத்தில் மணலில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு வெடிப்புக்கும் "டப்பு! டப்பு!" என்று கத்துவாள். நீ இங்கே அவள் தலையிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டு என்னைத் திட்டுவாய்.

கோடையில் கொடி முழுக்கக் காய்ந்து சருகாகிவிடும். ஒவ்வொரு வருஷமும் கேட்பாள், "செத்துப் போச்சாப்பா?" என்று. "இல்லடா, வெயிலுக்குப் பயந்து உள்ள போயிருக்கு. மழை வந்தா எட்டிப் பாக்கும்" என்பேன். மழை வரும், அதுவும் எட்டிப் பார்க்கும். அப்பா சொன்னால் நடக்கும் என்று அவளுக்கு என்மேல் ஒரு நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரத்தில்கூட, "நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்டா" என்று நான் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

இந்தப் பத்தியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அலுவலகத் தொட்டிகளில் வைத்திருந்த செடிகளும் போய்விட்டன. உனக்குத்தான் தெரியுமே, அவை தொட்டியில் ஒரு வருஷம் தாண்டியதில்லை. எங்கள் மேலதிகாரி, நாங்கள் கோப்பு என்று கூப்பிடும் ஆசாமி, என்னைக் கூப்பிட்டு, "முடிஞ்சுபோச்சுன்னு எழுதிடுங்க. நானும் மூடிடறேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு எதையாவது மூடினால்தான் சாப்பாடு இறங்கும். ஆனால் மூடுவதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தலைநகர விதைக் கிடங்கிலிருந்து ஒரு அம்மா வந்தார்.

வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, விதையை எப்படி முளைக்க வைத்தீர்கள் என்பது. நான் பெருமையாகவே சொன்னேன். பக்கெட்டில் ஊறப் போடுவோம். ஊறிப் பருத்ததைத் தொட்டியில் வைப்போம். ஊறாமல் கல்லாகக் கிடப்பதைப் பொறுக்கி எறிந்துவிடுவோம். வீட்டில் பயறு ஊறப் போட்டால் கல்லைப் பொறுக்கி எறிவதில்லையா, அதே மாதிரி. எங்கள் அலுவலகத்தில் செடிகொடி படித்தவருக்கான நாற்காலி நான் சேர்ந்த நாளிலிருந்து காலியாகவே இருக்கிறது. அதனால் சமையலறை வழக்கம்தான் எங்களுக்குச் சட்டம்.

"எல்லாத்தையுமா எறிஞ்சீங்க?" என்றார். எல்லாவற்றையும் என்றேன். அந்த அம்மா கவிழ்த்து வைத்திருந்த தொட்டி ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஊறினது உடனே முளைக்கும், மழை தப்பினா உடனே சாகும். ஊறாததுதாங்க எத்தனை வருஷமானாலும் உயிரோட கிடக்கும். தோலு கெட்டி, அவ்வளவுதான். லேசா ஒரு கீறல் போட்டா தண்ணி உள்ள போயிடும்" என்றார். கோப்பு என்னைப் பார்த்தார். நான் பக்கெட்டைப் பார்த்தேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று மறுபடி கேட்டார். "யாராவது விளையாட்டுக்கு, அழகுக்குன்னு கொஞ்சம் எடுத்துட்டுப் போயிருப்பாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." நான் யோசிக்கவே இல்லை. இல்லைங்க என்று சொல்லிவிட்டேன்.

இதற்குள் உனக்குப் புரிந்திருக்கும். உன் கை இப்போது வாண்டுவின் தொப்பைப் பொம்மையின் மேல் இருக்கும்.

நீ பஞ்சு வைத்து அந்தப் பொம்மையைத் தைத்துக் கொடுத்த அன்று வாண்டு செய்த ரகளை ஞாபகம் இருக்கிறதா? "உக்காரவே மாட்டேங்குறா! உக்காராம எப்படிச் சாப்பிடுவா?" என்று தரையில் புரண்டாள். வயிற்றில் கனமாக ஏதாவது வைத்தால் உட்காரும் என்று நீ சொன்னாய். நான் அலுவலகத்தில் எறிய வைத்திருந்த கல்விதைகளை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். வயிறு நிறைந்ததும் அது ஜம்மென்று உட்கார்ந்தது. தொப்பை என்று பெயரும் வந்தது. நமக்கு முன்னால் அதற்குச் சாப்பாடு பரிமாற வேண்டியிருந்தது.

அந்த அம்மா போன பிறகு வீட்டுக்கு வந்து, நீ அன்று தைத்தபோது ஒன்றிரண்டாவது சிந்தியிருக்குமே என்று தேடினேன். டார்ச்சை வைத்துக்கொண்டு உன் மிஷினுக்கு அடியில் குப்புறப் படுத்தேன். ஊசி, பித்தான், ஒரு துண்டு மெழுகுப் பென்சில் எல்லாம் கிடைத்தன. அவளுடைய முதல் பல் காணாமல் போனபோது நாம் மூன்று பேரும் இதே தரையில் இதே மாதிரி படுத்துத் தேடியது ஞாபகம் வந்தது. நீயும் நானும் பதறிக்கொண்டிருக்க, அவள் மட்டும், "போனாப் போகட்டும்மா, வேற வரும்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிக்கொண்டு கிடந்தாள்.

கடைசியில் மிஷின் டிராயரில், நூல்கண்டுக்கு அடியில், ஒரே ஒரு விதை இருந்தது. நகம் தேய்க்கும் அரத்தால் ஒரு கீறல் போட்டேன். தம்ளர் தண்ணீரில் போட்டேன். காலையில் அது பருத்திருந்தது.

அதை எந்த மண்ணில் வைப்பது? அதன் சொந்த மணலில் இருக்கும் ஏதோ ஒன்று சேராவிட்டால் வேர் நிலைக்காது, தொட்டியில் செத்ததெல்லாம் அதனால்தான் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். அந்த மணல் இப்போது ஏதோ ஒரு சாலைக்கு அடியில் இருக்கிறது. பால்கனியில் வாண்டுவின் கான்வாஸ் ஷூ இரண்டும் நீ வைத்த இடத்திலேயே இருக்கின்றன. உனக்குத் தெரியும், அவள் ஷூவைத் தட்டினால் எப்போதும் கைநிறைய மணல் வரும். இடது ஷூவை மட்டும் தட்டினேன். வலதைத் தொடவில்லை. உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான், கோபித்துக்கொள்.

முளைத்துவிட்டது. முதலில் மணலை முட்டிக்கொண்டு ஒரு வளைவு தெரிந்தது. மறுநாள் நிமிர்ந்து இரண்டு இலை விட்டது. நான் பால்கனியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் அழாமல் விட்டதையும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன், அவ்வளவு சத்தம். மாடி வீட்டு அம்மா இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். அன்றைக்கு மட்டும் எப்ப வர்றா என்று கேட்கவில்லை.

ஒற்றைச் செடியால் ஒன்றும் ஆகாதாம். பூத்தாலும் வம்சம் நிற்காது, நிறைய வேண்டும் என்று போனில் அந்த அம்மா சொன்னார். பொதுவாகத்தான் கேட்டேன். அவரும் பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் போனை வைக்கும் முன், "உங்ககிட்ட ஏதோ இருக்கு, இல்லையா?" என்றார். பேருந்து வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் அக்கா சொன்னார், நீ தொப்பையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாயாம். புரளும்போது உள்ளே விதைகள் சலசலக்குமாம். அந்தச் சத்தம் கேட்டால், சரி, இவள் தூங்கிவிட்டாள் என்று அவரும் கண்ணை மூடுவாராம். இதைக் கேட்ட பிறகு எந்த வாயால் உன்னிடம் கேட்பது? நான் கேட்கவில்லை. நிச்சயமாகக் கேட்கவில்லை. போனால் போகட்டும், எத்தனையோ செடி போயிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்போதெல்லாம் "செத்துப் போச்சாப்பா?" என்ற குரல் வருகிறது. இந்தத் தடவை அவளுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் மறைக்கவும் முடியவில்லை. அதனால் எழுதிவிட்டேன், அவ்வளவுதான். படித்ததும் கிழித்துப் போடு.

வேளைக்குச் சாப்பிடு. அக்காவின் முட்டி வலிக்கு மருந்து தேய்த்துவிடு, உனக்கும் கைக்கு வேலை இருக்கும். சாவி மாடி வீட்டில்தான் இருக்கிறது, எப்போதும் போல. எங்கே இருந்தாலும் உனக்குத் தூக்கம் வர வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

உன்,
மண்வெட்டி

*

மண்வெட்டிக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. போட்டால் பொய்யாகிவிடும், உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறீர்கள். நேராகக் கேட்டிருந்தால் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் இப்படி எழுதினீர்கள்.

கடிதத்தை மேஜையில் போட்டுவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அக்கா எடுத்துப் படித்துவிட்டாள். கத்தரிக்கோலை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். அதற்கு அவளிடம் சண்டை போட்டேன். என் பிள்ளையின் பொம்மைமேல் கத்தரி வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று கத்தினேன். அவள் பாவம், "நான் வெட்டச் சொல்லலடி, நூலைப் பிரிக்கத்தான்" என்றாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம். சமைக்கவில்லை.

நாலு நாளைக்கு முன்னால் பிரித்தேன். வெட்டவில்லை, ஒவ்வொரு தையலாக எடுத்தேன். வாண்டு இழுத்துப் பிய்த்துவிடுவாள் என்று அன்றைக்கு இரட்டை நூலில் நெருக்கமாகத் தைத்திருந்தேன், அதனால் லேசில் வரவில்லை. பிரித்துக்கொண்டே வரும்போது கை இடுக்கில் வேறு ஒரு தையல் இருந்தது. சிவப்பு நூல். நான் தைத்தது இல்லை. காக்காய் கொத்தியது மாதிரி குறுக்கும் நெடுக்குமாக, கடைசியில் முடிச்சு போடத் தெரியாமல் ஏழெட்டுச் சுற்று சுற்றி விட்டிருந்தது. என் ஊசியை எடுக்காதே என்று எத்தனை தடவை அடித்திருப்பேன். எனக்குத் தெரியாமல் எடுத்துத் தைத்திருக்கிறாள். அந்த இடத்தை நான் தொடவில்லை. முதுகுப் பக்கமாகப் பிரித்து விதைகளைத் தட்டில் கொட்டினேன்.

விதைக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. சொத்தை விதை என்று நினைத்து நகத்தால் ஒதுக்கினேன். உருளவில்லை. எடுத்துப் பார்த்தேன்.

அவள் பல்.

நாம் தரையெல்லாம் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தபோது அது தொப்பையின் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது. அதனால்தான் போகட்டும்மா, போகட்டும்மா என்றிருக்கிறாள், திருட்டுக் கழுதை. தொப்பைக்குப் பல் இல்லையே, எப்படிச் சாப்பிடுவாள் என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். நான் வேலை மும்முரத்தில், உன் பல்லைக் கொடு என்று சொல்லியிருந்தேன். விளையாட்டாகச் சொன்னேன். அவள் கொடுத்துவிட்டாள்.

விதைகள் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு வாயைத் தைத்து இதோடு அனுப்புகிறேன். எண்ணவில்லை. ஒன்றைக்கூட எனக்கென்று எடுத்து வைக்கவில்லை. அந்த அம்மாவிடம் நீங்களே கையில் கொடுங்கள், கோப்பிடம் கொடுத்தால் மூடிவிடுவார். பல்லை அனுப்பவில்லை. அது முளைக்காது, என்னிடமே இருக்கட்டும்.

குழாய்க்கு ஒரு ஆளைக் கூப்பிடுங்கள். வாளி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேலையா? முளைத்ததற்கு இளவெயில் போதும், பால்கனியில் மத்தியான வெயில் நேராக விழும், திரையை இழுத்துவிடுங்கள். இடது ஷூவைத் தட்டியதற்கு எனக்குக் கோபம் இல்லை. அவளைக் கேட்டிருந்தால் இரண்டையும் கழற்றிக் கொடுத்திருப்பாள்.

தொப்பைக்குள் பஞ்சை வைத்துத் தைத்தேன். பல்லையும் உள்ளேயே வைத்துவிட்டேன். ஆனால் உட்கார மாட்டேன் என்கிறாள். சுவரில் சாய்த்தால் சரிகிறாள், தலையணையில் வைத்தால் குப்புற விழுகிறாள். ராத்திரி புரண்டால் சத்தமே இல்லை. அக்கா இருட்டில், "தூங்கிட்டியா?" என்று கேட்கிறாள். இத்தனை நாள் அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

என்னிடம் உடைந்த பித்தான்கள் கொஞ்சம் இருக்கின்றன, அவற்றை வைத்துப் பார்த்தேன், கனம் போதவில்லை. அந்த வலது ஷூவைத் தட்டாதீர்கள். அதில் இருக்கும் மணல் எனக்கு வேண்டும். தபாலில் போடாதீர்கள், வழியில் எங்கேயாவது சிந்திவிடும். சாவிதான் மாடி வீட்டு அம்மாவிடம் இருக்கிறதே, செடிக்குத் தண்ணீர் விடச் சொல்லிவிட்டு, அந்த ஷூவை அசைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு நீங்களே வாருங்கள்.

உங்கள்,
தையல்காரி